படிவு, சுருக்கம், உறைவு: இதயக் குழாயின் மீள்சுருக்கமும் தாதியர் மொழியும்

 

ஜெராய் மலையின் அடிவாரத்தில் அமைந்த இக்குருண் நகரில் பேசக் கிடைத்த வாய்ப்பைப் பெரும்பேறாகக் கருதுகிறோம். மொழியியல் கற்றவர் இதய நோயைப் பற்றிப் பேசலாமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம்; நோய்க்கு மருந்து சொல்லவும் வரவில்லை. நோயைக் குறிக்க வழங்கும் ஒரு சொல், நோயாளியின் நடத்தையை எவ்வளவு தூரம் ஆட்சிசெய்கிறது என்பதைச் சொல்லவே வந்துள்ளோம். அச்சொல் 'அடைப்பு' என்பதாகும்.

எம் தமையனார் இவ்வட்டாரத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனை ஒன்றில் அவருடைய இதயக் குழாய்க்குள் பலூனைச் செலுத்தி விரித்து, ஸ்டென்ட் எனப்படும் கம்பிவலைக் குழலைப் பொருத்தினார்கள். வீடு திரும்பும் நாளன்று, "அடைப்பை எடுத்தாச்சு, இனிப் பயமில்லை" என்று ஒருவர் தமிழில் சொன்னார். கையில் கொடுக்கப்பட்ட அறிவுரைத் தாளோ மலாய் மொழியில் இருந்தது. தமிழில் கேட்ட அந்த ஒரு வரி மட்டுமே அவர் மனத்தில் தங்கியது.

ஏழாம் மாதம், காலை நடையின்போது அவர் நெஞ்சில் மீண்டும் ஓர் இறுக்கம் தோன்றியது. ஐந்து வாரங்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை. காற்றுப் பிடிப்பு என்றெண்ணி ஓமத்தண்ணீர் குடித்து வந்தார். நாம் வினவியபோது, "அடைப்பத்தான் எடுத்துட்டாங்களே தம்பி, அப்புறம் எப்படி அந்த நோவு வரும்?" என்றார். மீண்டும் சோதித்தபோது, ஸ்டென்ட் வைத்த அதே இடம் உட்புறம் சுருங்கியிருப்பது தெரிந்தது. உடனே அவருடைய எண்ணம் மறுமுனைக்குத் தாவியது. "ஏமாத்திட்டாங்க. மாத்திரையும் தவறாமத்தான் போட்டேன், அப்படியும் அடைச்சுக்கிச்சு. இனி எதுக்கு மாத்திரை?" என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவைக்கத் துணிந்தார்.

அவையோரே, அவருடைய தருக்கத்தில் பிழையில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அடைப்பு நீங்கிவிட்டதென்றால் நோவு வரக்கூடாது. அடைப்பைத் தடுக்கத்தான் மாத்திரை என்றால், அடைப்பு வந்தபின் அம்மாத்திரை பயனற்றது. இரண்டு முடிவுகளும் சரியே. அவருக்குக் கொடுக்கப்பட்ட சொல்தான் சரியானதன்று. ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு நிகழ்வுகள் ஒளிந்திருந்தன. அவற்றைப் பிரித்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இச்சிகிச்சையின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1964 ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் சார்ல்ஸ் டாட்டர் என்னும் மருத்துவர், ஒரு மூதாட்டியின் காலில் சுருங்கியிருந்த இரத்தக் குழாயை, அறுவையின்றி உள்ளிருந்தே விரித்தார். 1977 செப்டம்பர் 16 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், முப்பத்தெட்டு அகவையுள்ள ஒருவரின் இதயக் குழாயைச் சிறு பலூனால் விரித்தார். இதயக் குழாயில் அறுவையின்றிச் செய்யப்பட்ட முதல் பலூன் சிகிச்சை இதுவே. அந்த முதல் நோயாளியின் குழாய் பல்லாண்டுகள் திறந்தே இருந்தது. ஆனால் அவருக்குப் பின் வந்த எல்லாரும் அத்தகைய நற்பேறு பெறவில்லை. பலூனால் மட்டும் விரிக்கப்பட்டவர்களில் மூவரில் ஒருவருக்கோ அதற்கும் மேற்பட்டோருக்கோ சில மாதங்களுக்குள் அதே இடம் மீண்டும் சுருங்கியது.

இதனைத் தடுக்கவே 1986 ஆம் ஆண்டு பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புயெல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிக் சிக்வார்ட் ஆகியோர் இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் பொருத்தத் தொடங்கினர். 1994 இல் வெளியான இரு பெரும் ஆய்வுகள், பலூனை மட்டும் பயன்படுத்துவதைவிட ஸ்டென்ட் பொருத்துவது மீண்டும் சுருங்குதலைக் குறைக்கிறது என்று காட்டின. குறைத்ததேயன்றி ஒழிக்கவில்லை. அடுத்து, மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. 2003 இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. முதலில் பூசப்பட்ட மருந்துகளுள் ஒன்றான சிரோலிமஸுக்கு ராப்பமைசின் என்றும் பெயருண்டு. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிடமிருந்து அது பெறப்பட்டது. அத்தீவின் மக்கள் தம் மண்ணை ராப்பா நூயி என்றழைப்பதால் அப்பெயர் வந்தது. இம்மருந்து பூச்சுக்குப் பின் மீண்டும் சுருங்குவோர் பத்து விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தனர். எனினும் நோய் முற்றாக மறைந்துவிடவில்லை.

சொற்களின் வரலாறும் சுவையானது. 'ஸ்டென்ட்' என்பது ஓர் ஆளின் பெயர். சார்ல்ஸ் ஸ்டென்ட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேயப் பல் மருத்துவர். பல்லின் அச்செடுக்க அவர் உருவாக்கிய பொருளுக்கு அவர் பெயர் வழங்கி, பிறகு உடலுறுப்பைத் தாங்கி நிறுத்தும் பிற கருவிகளுக்கும் பரவியது. குழாய் சுருங்குவதைக் குறிக்கும் 'ஸ்டெனோசிஸ்' என்னும் சொல் 'குறுகிய' எனப் பொருள்படும் கிரேக்க அடியிலிருந்து பிறந்தது. அலுவலகங்களில் 'ஸ்டெனோ' என்று சொல்கிறோமே, அதுவும் அந்த அடியே. அதனை நம் முன்னோர் 'சுருக்கெழுத்து' என்றனர். ஆகவே 'ஸ்டெனோசிஸ்' என்பதற்குச் 'சுருக்கம்' என்பதே நேரான தமிழ். அடைப்பு அன்று.

இனி இலக்கணத்துக்கு வருவோம். 'அடைத்தல்' என்னும் வினைக்கு அடைக்கும் பொருள் ஒன்று வேண்டும். வாய்க்காலை மண் அடைக்கிறது. குழாயைக் குப்பை அடைக்கிறது. அடைத்த பொருளை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. 'சுருங்குதல்' அத்தகையதன்று. அது தன்வினை. சுருங்கும் பொருள் தானே தன் நிலையில் மாறுகிறது. எடுத்தெறிய அங்கே வேற்றுப் பொருள் இல்லை. உடலுக்குள் நடப்பதும் இதுவே. பலூன் விரியும்போது குழாயின் உட்சுவரில் காயம் ஏற்படுகிறது. காயத்தை ஆற்ற உடல் முனைகிறது. சுவரில் உள்ள தசை உயிரணுக்கள் பெருகி உள்நோக்கி வளர்கின்றன. ஆறவேண்டிய அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டால் வழி குறுகிவிடுகிறது. விரித்த இடத்தின் விட்டம் பாதியோ அதற்கு மேலோ குறைந்துவிட்டால் மருத்துவர்கள் அதனை மீள்சுருக்கம் என்று கணிக்கின்றனர். நீரிழிவு உள்ளவர்களுக்கும், குழாய் மெலிதாக இருப்பவர்களுக்கும், நோயுற்ற பகுதி நீளமாக இருப்பவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு மிகுதி.

எம் தமையனாருக்கு இதனைப் புரியவைத்தவர் நாமல்லோம். அன்று வார்டில் பணியிலிருந்த தாதி ஒருவர். அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மாத்திரையை மறுத்துப் படுத்திருந்தவரின் அருகில் அமர்ந்து, "ஐயா, நீங்க மரம் வெட்டினவர்தானே? கத்தி ஆழமாப் பட்டுட்டா, அந்த இடத்துல பட்டை எப்படி வளரும்?" என்று கேட்டார். "முண்டும் முடிச்சுமா தடிச்சு வளரும், மிஸ்ஸி" என்றார் தமையனார். "உங்க ரத்தக்குழாய்லயும் அதுதான் நடந்திருக்கு. யாரும் ஏமாத்தல. காயம் ஆறுறப்போ சதை கொஞ்சம் கூடுதலா வளந்துடுச்சு" என்றார் அத்தாதி. சிறிது நேரம் பேசாதிருந்த தமையனார், பிறகு கேட்டார்: "அப்ப அந்த மாத்திரை எதுக்கு?"

அக்கேள்விக்கும் அவர் தோட்டத்திலிருந்தே விடையளித்தார். "மங்குல இருக்குற பால் தானா உறைஞ்சு கட்டியாயிடும் இல்லையா? உறையாம இருக்க என்ன ஊத்துவாங்க?" "அமோனியா" என்றார் தமையனார். "குழாய்க்குள்ள கம்பி இருக்கு. அதுமேல ரத்தம் உறைஞ்சுடக் கூடாது. உறைஞ்சா ஒரு நிமிஷத்துல ஆபத்து. அதுக்குத்தான் மாத்திரை. பட்டை தடிக்கிறதுக்கு இல்ல." கல்லூரியில் முப்பது ஆண்டுகள் சொற்பொருளியல் நடத்திய நாம், அன்று ஒரு மாணவராக நின்று கேட்டோம்.

அவர் பிரித்துக் காட்டிய பொருள்களுக்கு நாம் பெயர் சூட்டுவோம். ஒன்று படிவு. கொழுப்பும் சுண்ணமும் குழாய்ச் சுவரில் ஆண்டுக் கணக்கில் படிந்து வளரும் மூலநோய் இது. இதற்கு எதிரான கடமைகள் உணவு, நடை, புகை விடுதல், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்குதல், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஆகியன. இரண்டு மீள்சுருக்கம். சிகிச்சை செய்த இடத்தில் மாதக் கணக்கில் வளர்வது. இதற்கு எதிரான கடமை விழிப்பு: பழைய அறிகுறி திரும்பினால் மறைக்காமல் மருத்துவரிடம் செல்லுதல். மூன்று உறைவு. நிமிடக் கணக்கில் நிகழ்வது. இதற்கு எதிரான கடமை, இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளைச் சொன்ன காலம் வரை விடாமல் உண்ணுதல். மாரடைப்பு வந்தவருக்கு இவ்விரண்டையும் சேர்த்துப் பொதுவாக ஓராண்டு கொடுப்பர். காலத்தைக் கூட்டவும் குறைக்கவும் உரியவர் இதய மருத்துவரே. பல் பிடுங்குவதற்காகக்கூட அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. மூன்று நிகழ்வுகள், மூன்று கால அளவுகள், மூன்று கடமைகள். மூன்றையும் 'அடைப்பு' என்று அழைத்தால், ஒன்றன் தோல்வியை மற்றொன்றன் மீது ஏற்றிக் கைவிடத்தான் தோன்றும்.

'மீள்சுருக்கம்' என்னும் சொல்லாட்சியைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. இது வினைத்தொகை. மீண்ட சுருக்கம், மீள்கின்ற சுருக்கம், மீளும் சுருக்கம் என முக்காலமும் இதற்குள் மறைந்துள்ளன. இடைவிடாது விழிப்போடிருக்க வேண்டிய ஒரு நோய்க்கு இதைவிடப் பொருத்தமான இலக்கண வடிவத்தை யாம் அறியோம்.

இந்நாட்டில் இஃது ஏட்டுச் செய்தியன்று. கோலாலம்பூரில் 1992 இல் தொடங்கப்பட்ட ஐ.ஜே.என். எனும் தேசிய இருதயக் கழகத்தின் பெயர் அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ ஏழு விழுக்காட்டினர். இதய நோயாளர் பதிவேட்டில் அவர்களின் பங்கு அதனினும் மிகுதி. 2019 ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு மீள்சுருக்கத்தின் தோழன் என்று முன்னரே கூறினோம். ஆகவே இச்சொற்கள் குருணிலும் பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் நம் வீடுகளுக்குள் நாள்தோறும் தேவைப்படுகின்றன.

இச்சொற்களைக் கொண்டுசேர்ப்பவர் யார்? மருத்துவர் நோயாளியோடு சில மணித்துளிகளே பேச இயலும். நாள் முழுதும் அருகிருப்பவர் தாதியரே. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒருவராக 'உழைச்செல்வான்' என்பவரை வைக்கிறது. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் சென்று நிற்பவர் என்பது பொருள். தமிழகத்தில் வழங்கும் 'செவிலி' என்பது அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறித்த சொல். நாமும் இலங்கைத் தமிழரும் வழங்கும் 'தாதி' என்பதும் வளர்ப்புத்தாய் எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்ததே. மலாய் மொழியின் 'ஜுருராவாட்' என்பது பராமரிப்பில் வல்லவர் என்னும் பொருளது. பெயர்கள் வேறாயினும் எல்லாம் நெருக்கத்தையும் பேணுதலையுமே சுட்டுகின்றன.

பலூன் சிகிச்சை முடிந்து வரும் நோயாளிக்குத் தாதியர் செய்யும் பணிகளை எண்ணிப் பாருங்கள். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ குழாய் நுழைத்த இடத்தில் குருதி கசிகிறதா, வீங்குகிறதா என்று மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். அந்தக் கையோ காலோ சூடாக, நிறம் மாறாமல், நாடித்துடிப்போடு இருக்கிறதா என்று தொட்டறிய வேண்டும். தொடை வழியாகச் செய்திருந்தால் காலை மடக்காமல் படுத்திருக்கச் செய்ய வேண்டும். உட்செலுத்திய சாயநீர் வெளியேற, மருத்துவர் தடை சொல்லாதபோது, தண்ணீர் பருகச் செய்து சிறுநீர் அளவைக் குறிக்க வேண்டும். இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பின் வரைவும் கண்காணிக்க வேண்டும். இவற்றோடு நெஞ்சில் வலி உண்டா என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் பணிக்குக் கருவி இல்லை. அங்கே மொழியே கருவி.

அக்கருவி எவ்வாறு பிழைபடுகிறது என்பதைப் பாருங்கள். "வலிக்குதா?" என்று கேட்டால், நம் முதியோர் பலர் "இல்லை" என்பர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேச்சில் வலி என்பது வெட்டுக்காயத்துக்கும் பல்லுக்கும் உரியது. நெஞ்சுக்கு அவர்கள் வேறு சொற்கள் வைத்திருக்கிறார்கள்: இறுக்குது, பாரமா இருக்கு, நெஞ்சக் கரிக்குது, மாரப் பிடிக்குது, மூச்சு வாங்குது, காத்து அடைக்குது. மலாய் மொழியில் 'சாக்கிட்' என்று கேட்டாலும் இதே கதைதான். அச்சொல் வலியையும் நோயையும் ஒருங்கே குறிக்கும். நீரிழிவு உள்ளோர்க்கும் பெண்களுக்கும் சில வேளைகளில் வலியே இன்றிக் களைப்பும் மூச்சுத் திணறலும் மட்டுமே தோன்றக்கூடும். எனவே "வலிக்குதா?" என்பதோடு நில்லாமல், "நெஞ்சுல இறுக்கம், பாரம், கரிப்பு ஏதாவது இருக்கா? மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதா? முன்ன வந்த மாதிரியே இருக்கா?" என்று கேட்க வேண்டும். இந்த மூன்று வினாக்களும் எம் தமையனாரிடம் ஐந்து வாரம் முன்னரே கேட்கப்பட்டிருந்தால், அவர் ஒளித்திருக்க வழியில்லை.

அதேபோல், நூல்களில் 'தமனி' என்று எழுதுகிறோம். தோட்டத்து முதியவரோ 'ரத்த நரம்பு' என்பார். நூல் வழக்கில் நரம்பு வேறு. இருவருக்கும் பொதுவாய் நிற்பது 'இரத்தக்குழாய்'. படுக்கையருகே அதுவே போதும். கலைச்சொல் வேண்டாம் என்பது எம் கருத்தன்று. பாடநூலுக்குத் தமனியும் மீள்சுருக்கமும் வேண்டும். ஆனால் கலைச்சொல்லை அறிந்தவர் அதனை மரப்பட்டையாகவும் பாலாகவும் பெயர்த்துச் சொல்லவும் வல்லவராதல் வேண்டும்.

சொன்னது சென்று சேர்ந்ததா என்பதை அறியவும் ஒரு முறை உண்டு. "புரிஞ்சுதா?" என்று கேட்பது பயனற்றது, மரியாதைக்காகவே தலையாட்டுவர். "வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவீங்க, எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். உலகெங்கும் தாதியர் கல்வியில் இம்முறை பயிற்றப்படுகிறது. ஆசிரியர்களாகிய உங்களுக்கு இது புதிதன்று. பாடம் முடிந்தபின் மாணவரை அவர் நடையில் திருப்பிச் சொல்லச் செய்வதுதானே இது! நோயாளி தம் வாயால் மூன்று செய்திகளைச் சொல்லிவிட்டால் போதும்: எந்த மாத்திரையை யாரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது, எந்த அறிகுறி வந்தால் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும், எது வந்தால் உடனே உட்கார்ந்து 999 ஐ அழைக்க வேண்டும். நடந்தால் வந்து நின்றால் மறையும் இறுக்கம் கிளினிக்குக்கு உரியது. ஓய்விலும் தணியாத இறுக்கம், வியர்வை, மயக்கம் ஆகியன 999 க்கு உரியன.

தமிழில் மருத்துவம் பேச இயலுமா என்னும் ஐயம் பழையது. அதற்கு விடையும் பழையதே. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல் உள்ளிட்ட மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் காலத்துச் சொற்கள் பல இன்று வழக்கில் இல்லை. ஆனால் நோயாளியின் மொழியில் மருத்துவர் சிந்திக்க வேண்டும் என்ற அவர் துணிபு இன்றும் தேவைப்படுகிறது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. டிரெஸர்மார் இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரிகள் மறைந்துவருகின்றன. பால்மரத்தின் இடத்தில் செம்பனை நிற்கிறது. மரப்பட்டை உவமையைப் புரிந்துகொள்ளும் தலைமுறையும் நம் கண்முன்னே முதுமையடைகிறது. அவர்களுக்கு இதய நோய் வரும் காலமும் இதுவே.

ஆதலால் இம்மன்றத்தின் வழி மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வட்டார முதியோர் உடல்நோவைச் சொல்ல வழங்கும் சொற்களை மாணவரைக் கொண்டு தொகுப்பியுங்கள். அத்தொகுப்பு மொழியியலுக்கும் செல்வம், வார்டுக்கும் கருவி. தாதியர் படிப்பை நாடும் மாணவச் செல்வங்களே, தமிழைப் பள்ளித் தேர்வோடு விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் ஒருவர் படுக்கையருகே அது மருந்துக்கு ஒப்பாகும். எல்லாரும், மலாய் மொழியில் மருத்துவமனை தரும் அறிவுரைத் தாளை வீட்டு முதியவருக்கு உட்கார்ந்து தமிழில் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. அரை மணி நேரம் போதும்.

எம் தமையனாருக்கு மறுபடியும் சிகிச்சை செய்யப்பட்டது. இன்று அவர் காலையில் நடக்கிறார், மாத்திரை உண்கிறார். தோட்டத்து நண்பர் ஒருவருக்கு அண்மையில் பலூன் சிகிச்சை நடந்தபோது, பார்க்கச் சென்ற அவர் சொன்னதை நாமும் உடனிருந்து கேட்டோம்: "அடைப்ப எடுத்துட்டாங்கன்னு சும்மா இருந்துடாத. பட்டை திரும்பத் தடிக்கலாம். இறுக்கம் வந்தா ஒளிக்காத. பால் உறையாம இருக்க மாத்திரைய விடாத."

நாம் ஒரு மணி நேரம் சொன்னதை அவர் நான்கு வரியில் சொல்லிவிட்டார்.